ஆண்டாள் வேஷமும் ஆண்டாள் போட்ட வேஷமும்

மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நியூஜெர்சியிலிருந்து என் பழைய மாணவி கூப்பிட்டாள். தளவாய்புரத்துப் பெண். எம்.ஏ. தமிழ் முடித்துக் கல்யாணமாகி, கணவனோடு அமெரிக்கா போனவள். எட்டு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழி யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவள். பூரிம் பண்டிகைக்கு அவர்கள் வீட்டில் அழைத்திருக்கிறார்கள். வருகிற பிள்ளைகள் எல்லாம் ஏதாவது வேஷம் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம்.

"என்ன வேஷம் போடலாம் மேடம்? நம்ம ஊரு வேஷமா இருந்தா நல்லா இருக்கும்ல?"

"ஆண்டாள்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன வாயில் வரும்? பக்கவாட்டுக் கொண்டை, கையில் கிளி, தோளில் மாலை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். பின்னாலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது: "நோ ஆண்டாள். வொண்டர் வுமன்."

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். ஆனால் அன்றிரவு விடைத்தாளில் மனம் செல்லவில்லை. இருபது வருடமாக வகுப்பில் நாச்சியார் திருமொழி நடத்துகிறேன். தன் உடம்பையும் ஆசையையும் கூசாமல் பாடிய முதல் தமிழ்ப் பெண்களில் ஒருத்தி என்று மாணவிகளுக்குச் சொல்கிறேன். அப்படிப்பட்டவளை ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்திரமான வேஷமாக நானே எடுத்து நீட்டியிருக்கிறேன். ஆண்டாள் எப்போது இவ்வளவு பத்திரமானவள் ஆனாள்? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனதுதான் இந்தக் கட்டுரை.

1

பூரிம் என்பது எஸ்தரின் கதையைக் கொண்டாடும் பண்டிகை. யூத நாட்காட்டியில் ஆதார் மாதத்துப் பதினான்காம் நாள். நமக்கு மாசி, பங்குனி. அன்று ஜெப ஆலயத்தில் எஸ்தர் சுருளை முழுதுமாகச் சத்தம் போட்டு வாசிப்பார்கள். வில்லனான ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கிலுக்கை ஆட்டி, காலைத் தரையில் உதைத்து, அந்தப் பெயர் காதில் விழாதபடி கூச்சல் போடுவார்கள். பலகாரம் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். இல்லாதவர்களுக்குத் தானம் உண்டு. பெரியவர் சிறியவர் எல்லாரும் வேஷம் போடுவார்கள். அதில் எஸ்தர் ராணி வேஷம் பழையது. வொண்டர் வுமன் மாதிரியான காமிக்ஸ் நாயகிகள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

நம் வீட்டுக் கிறிஸ்தவத் தோழிகளின் தமிழ் வேதாகமத்தில் இந்தக் கதை இருக்கிறது. முதல் வசனத்திலேயே நம் நாடும் வருகிறது. பாரசீக ராஜா அகாஸ்வேரு ஆண்டது இந்து தேசம் தொடங்கி எத்தியோப்பியா வரை நூற்றிருபத்தேழு நாடுகள். குடியும் விருந்துமாக இருந்த ராஜா, தன் பட்டத்தரசி வஸ்தியின் அழகை விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டுமென்று கிரீடத்தோடு அழைத்துவரச் சொல்கிறான். அவள் வர மறுக்கிறாள். ஒருத்தி மறுத்ததைக் கேட்டு மற்ற வீட்டுப் பெண்களும் புருஷனை மதிக்க மாட்டார்களே என்று மந்திரிகள் பதறுகிறார்கள். வஸ்தி நீக்கப்படுகிறாள். அவள் இடத்துக்குப் பெண் தேடியபோது கொண்டுவரப்பட்டவர்களில் ஒருத்திதான் எஸ்தர். தாய் தகப்பன் இல்லாதவள். உறவினரான மொர்தெகாய் எடுத்து வளர்த்த பெண்.

இந்தப் புத்தகத்தை உடையை மட்டும் கவனித்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ராஜா முன் போவதற்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் பன்னிரண்டு மாத அலங்காரம். ஆறு மாதம் வெள்ளைப்போள எண்ணெய், ஆறு மாதம் வாசனைத் திரவியங்கள். தான் யூதப் பெண் என்பதை எஸ்தர் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது மொர்தெகாயின் கட்டளை. அவள் அணியும் முதல் வேஷம் அதுதான். தன் இனத்தையே அழிக்க ஆமான் ஆணை வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும் மொர்தெகாய் இரட்டு உடுத்தித் தெருவில் நிற்கிறார். அவருக்கு எஸ்தர் நல்ல உடை கொடுத்தனுப்புகிறாள். அவர் வாங்க மறுக்கிறார். கடைசியில் அவள் ராஜ உடையை அணிந்துகொண்டு, அழைப்பில்லாமல் ராஜாவின் முன் போய் நிற்கிறாள். அழைக்காமல் போனால் மரணம். ராஜா பொற்செங்கோலை நீட்டினால்தான் உயிர். ராஜா ரசிப்பதற்காக ஏற்றப்பட்ட அதே அலங்காரத்தை இந்த முறை தன் காரியத்துக்காக அணிகிறாள்.

வஸ்தி, எஸ்தர் இருவரில் யார் பக்கம் நிற்பது என்பது பெண்ணிய வாசகர்களிடையே பழைய விவாதம். 1890களிலேயே எலிசபெத் கேடி ஸ்டாண்டன் குழுவினர் 'பெண்களின் வேதாகமம்' என்ற உரை நூலில் வஸ்தியின் மறுப்பைப் போற்றி எழுதினார்கள். வர மாட்டேன் என்றவள் கதையிலிருந்து காணாமல் போகிறாள். வந்து, காத்திருந்து, நேரம் பார்த்துப் பேசியவள் பெயரில் புத்தகம் நிற்கிறது. இதில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே அந்தக் குடிகார ராஜாவின் வீட்டு விதிக்குள் நின்று பேசுவதாகும் என்று எனக்குத் தோன்றும். கதையின் முடிவில் யூதர்கள் தங்கள் பகைவரில் எழுபத்தையாயிரம் பேரைக் கொன்றதாக எழுதியிருப்பதையும் மறந்துவிட முடியாது. கிலுக்கை ஓசைக்கு அடியில் அந்த ரத்தமும் இருக்கிறது. நம் பண்டிகைகளில் பலவும் அப்படித்தான்.

என் காரியத்துக்கு வேண்டியது வேறொரு செய்தி. பெண் ஆணின் உடையை அணியக் கூடாது, ஆண் பெண்ணின் உடையை அணியக் கூடாது என்பது உபாகமத்தின் கட்டளை. பூரிம் அன்று மட்டும் சந்தோஷத்துக்காக அப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது குற்றமில்லை என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே போலந்தின் மோசே இஸ்ஸெர்லெஸ் என்ற மத அறிஞர் எழுதிவைத்தார். வருடத்தில் ஒரு நாள் விதி தளர்கிறது. அந்த ஒரு நாளில் நீ யாராக இருக்க ஆசைப்படுகிறாய் என்று ஒரு பெண்பிள்ளையை ஊரே கேட்கிறது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

2

பிள்ளை கேட்ட வொண்டர் வுமனுக்கு முதலில் நியாயம் செய்துவிடுவோம். அவள் வந்தது 1941இல். படைத்தவர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர். பொய்யைக் கண்டுபிடிக்க ரத்த அழுத்தத்தை அளக்கும் சோதனையில் உழைத்தவர். தன் நாயகியின் இடுப்பில் உண்மையைப் பேசவைக்கும் கயிற்றைத் தொங்கவிட்டார். ஆண்களே இல்லாத தீவில், தாய் களிமண்ணால் பிசைந்து உருவாக்கிய மகள் அவள். தகப்பன் பெயர் கேட்க ஆளில்லை. ஆனால் அவள் கைக்காப்புகளில் ஓர் ஆண் சங்கிலி பூட்டிவிட்டால் பலம் போய்விடும் என்றும் அவரே எழுதினார். பிறகு பக்கத்துக்குப் பக்கம் அவளைச் சங்கிலியில் கட்டி வரையவும் வைத்தார். பெண் விடுதலையைப் பேசிக்கொண்டே கட்டுண்ட பெண்ணைப் பார்த்து ரசிக்கிற கண் அது.

1972 ஜூலையில் அமெரிக்கப் பெண்ணிய இதழான 'மிஸ்' தன் அட்டையில் இவளைப் போட்டது. அந்த இதழ் மாத இதழாகத் தொடங்கிய முதல் இலக்கம் அது. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை பெண்கள், சிறுமிகளின் அதிகாரத்துக்கான கௌரவத் தூதராக இவளை அறிவித்தது. அரைகுறை உடையில், அமெரிக்கக் கொடி நிறத்தில் இருக்கும் வெள்ளைக்காரிப் பொம்மையா உலகப் பெண்களுக்குத் தூதர் என்று சபை ஊழியர்களே எதிர்த்தார்கள். கண்டன மனுவில் ஏறக்குறைய 45,000 பேர் கையெழுத்திட்டார்கள். இரண்டே மாதத்தில் தூதர் பதவி முடிந்தது. ஒரே உடையைப் பெண்ணியவாதிகளே கொண்டாடவும் செய்தார்கள், எதிர்க்கவும் செய்தார்கள். இரண்டு பக்கமும் சரிதான் என்று நினைக்கிறேன். காமிக்ஸ் நாயகியின் உடை பெரும்பாலும் ஆண் வரைந்து ஆண் பார்த்தது. அதே உடையை எட்டு வயதுப் பிள்ளை மாட்டிக்கொள்ளும்போது அதை அவள் உள்ளேயிருந்து அணிகிறாள். தன்னை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், எவ்வளவு உயரம் தாவலாம் என்று பார்க்கிறாள். அந்த வயது சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

3

எனக்கு அது முடிந்த இடம் எங்கள் வீட்டு மொட்டைமாடி.

ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிறது செட்டியார்பட்டி. பக்கத்திலேயே தளவாய்புரம். இந்த வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு தையல் மிஷின் ஓடும். தமிழ்நாட்டுப் பெண்கள் வீட்டில் போட்டிருக்கும் நைட்டிகளில் பெரும்பங்கு எங்கள் பக்கம் தைத்ததாக இருக்கும். என் அம்மாவும் தைத்தாள். பீஸுக்கு இத்தனை என்று கூலி. என் பள்ளி ஆண்டுவிழா உடைகளெல்லாம் மிஞ்சிய துணியில் அம்மா தைத்தவை.

நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் மாறுவேடப் போட்டியில் எனக்கு ஆண்டாள் வேஷம். உண்மையில் அது நிறமான பிள்ளைகளுக்குத்தான் போகும். மனப்பாடம் எனக்கு நன்றாக வந்ததால் எனக்குக் கிடைத்தது. கறுத்த முகத்தில் அரை டப்பா பவுடரை அப்பினார்கள். சவுரி வைத்துக் கட்டிய கொண்டையைப் பக்கவாட்டில் சாய்த்துக் குத்தினாள் அம்மா. கோயிலில் அன்றாடம் இலையாலும் மாதுளம்பூவாலும் புதிதாகச் செய்து ஆண்டாள் கையில் வைக்கும் கிளிக்குப் பதிலாக எனக்குப் பச்சைத் துணிக்கிளி. மேடையேறி, திருப்பாவையில் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு, கும்பிட்டபடி அசையாமல் நிற்க வேண்டும். வேஷத்தின் மொத்த வேலையும் அதுதான்.

நான் ஆக ஆசைப்பட்டது மாடஸ்டி. அண்ணன் வாங்கிவரும் லயன் காமிக்ஸில் வருவாள். எங்களுக்குப் பக்கத்துச் சிவகாசியில் 1984இல் தொடங்கிய லயனின் முதல் புத்தகமே 'கத்தி முனையில் மாடஸ்டி'தான். பட்டாசும் காலண்டரும் அச்சடித்த ஊர், ஒரு பெண்ணை நாயகியாக வைத்துத் தன் காமிக்ஸைத் தொடங்கியது என்பதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கறுப்பு உடை. துப்பாக்கி. இளவரசி என்று கூப்பிடும் தோழன் கார்வின்; உயிரைக் கொடுப்பான், காதலன் மட்டும் இல்லை. முக்கியமாக அவள் தலையில் உச்சிக்கொண்டை.

ஐந்தாம் வகுப்பு ஆண்டுவிழா முடிந்து வந்த சாயங்காலம், வேஷத்தைக் கலைக்குமுன் மொட்டைமாடிக்கு ஓடினேன். கொடியில் காய்ந்த அண்ணனின் கறுப்புக் கால்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். பக்கவாட்டில் இருந்த கொண்டையைக் கையால் நகர்த்தி உச்சிக்குக் கொண்டுவந்து குத்தினேன். அவ்வளவுதான், ஆண்டாள் மாடஸ்டி ஆகிவிட்டாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதித்தேன். உருண்டேன். யாரையோ சுட்டேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். "ஆம்பள உடுப்ப அவுத்துப் போடும்மா. அப்பா வந்துருவாக" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. அம்மா குரலில் இருந்தது கோபமில்லை, பயம் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

ஏழாம் வகுப்பில் வயதுக்கு வந்தேன். அந்த வருட ஆண்டுவிழாவில் வேஷம் இல்லை. "பெரிய பிள்ளைக வேஷம் போட வேண்டாம், கோலாட்டத்துல நில்லு" என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டாள் வேஷம்கூடப் போடக் கூடாதாம். ஆண்டாள் தன் ஆசையைப் பாடிய வயதை நான் எட்டியதும் அவளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது மாணவிகளிடம் கேட்டேன்: கடைசியாக எப்போது வேஷம் போட்டீர்கள்? ஜான்சிராணி, வேலு நாச்சியார், பாரத மாதா, ஔவையார், ஆண்டாள் என்று பட்டியல் வந்தது. எப்போது நின்றது என்று கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலோருக்கு ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதற்காக நம் ஊரில் பெரியவர்கள் வேஷம் போடுவதில்லை என்று சொல்ல முடியுமா? குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆயிரக்கணக்கானோர் விரதமிருந்து வேஷம் கட்டுகிறார்கள். குறவன், குறத்தி, ராஜா, போலீஸ், குரங்கு என எல்லாம் உண்டு. ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துக் கோயிலில் சேர்க்கிறார்கள். சடைமுடியும் நீட்டிய நாக்குமாகக் காளி வேஷம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தெருக்கூத்தில் திரௌபதியாக நின்று அழுததும் காலங்காலமாக ஆண்தான். சேலை கட்டி, முலை வைத்து வரும் ஆணின் காலில் ஊர் விழுகிறது; அவன் வேஷம் அவனுக்கு அருளாகிறது. கால்சட்டை போட்ட பதினோரு வயதுப் பெண்ணுக்கு மொட்டைமாடிகூட மிச்சமில்லை. வேஷம் கட்ட ஆண் விரதமிருந்தால் போதும். பெண் ஒன்று குழந்தையாக இருக்க வேண்டும், இல்லை என்றால் ஒதுங்க வேண்டும்.

உடை விஷயத்தில் ஊரின் கை எவ்வளவு நீளமென்பதற்கு ஓர் உதாரணம். 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளியில், பகலில் பெண்கள் நைட்டியோடு வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடைக்கே இந்தக் கதி. என் அம்மா தைத்த உடை அது.

4

வளர்ந்த பிறகு மாடஸ்டியின் கதையைத் தேடிப் படித்தேன். பீட்டர் ஓ'டொன்னல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963 மே மாதம் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் தொடங்கிய தொடர். உலகப் போரில் ஓ'டொன்னல் 1942இல் பாரசீகத்தின் வடக்கே ராணுவத்தில் இருந்தார். அங்கே தன்னந்தனியாக நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றில் ஒரு மரத்துண்டு தொங்கியது. அதில் கம்பியால் இறுகக் கட்டிய ஆணி. அதுதான் அவள் ஆயுதம். வீரர்கள் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், தன் வழியில் போய்விட்டாள். அவள் நினைவில்தான் மாடஸ்டியை உருவாக்கியதாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

எஸ்தரின் கதை நடப்பதும் பாரசீகத்தில். அது தற்செயல். ஆனால் இன்னொன்றைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை. கதையில் மாடஸ்டி பெயரில்லாத அகதிக் குழந்தை. அவளுக்கு எழுத்தும் மொழிகளும் கற்றுக்கொடுத்து, மாடஸ்டி என்ற பெயரையும் கொடுத்தவர் லோப் என்ற முதியவர். புடாபெஸ்டைச் சேர்ந்த யூத அறிஞர், அவரும் அகதி. அவர் பாடம் சொல்ல, அவள் உணவு தேடி அவரைக் காப்பாற்றினாள். பிளைஸி என்ற பின்பெயரை ஆர்தர் ராஜா கதைகளிலிருந்து அவளே எடுத்துச் சேர்த்துக்கொண்டாள்.

பெற்றோர் இல்லாத எஸ்தரை வளர்த்தவர் மொர்தெகாய். யாருமில்லாத மாடஸ்டிக்குப் படிப்பித்தவர் லோப். துளசிச் செடியடியில் கிடைத்த கோதையை வளர்த்தவர் பெரியாழ்வார். மூன்று பெண்களும் பெற்றவர் வீட்டுக்கு வெளியே வளர்ந்தவர்கள். மூவருக்கும் பக்கத்தில் இருந்தது படித்த ஒரு வயதான ஆண். சொந்தத் தகப்பனும் அண்ணனும் மாமனும் நிற்கும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இப்படியொரு கதையை எழுத எழுதுகிறவர்களுக்கே தைரியம் வருவதில்லை போலும். சாகசம் செய்யும் பெண்ணைப் படைக்க முதலில் அவளை அநாதையாக்க வேண்டியிருக்கிறது. வொண்டர் வுமனைக் களிமண்ணில் பிசைந்ததும் இதில் சேரும்.

மாடஸ்டியிடமும் குறை இல்லாமலில்லை. எதிரிகளைத் திகைக்கவைக்க மேலாடையில்லாமல் திடீரென்று அறைக்குள் நுழைவது அவளுடைய உத்திகளில் ஒன்று. அவர்கள் வாய்பிளக்கும் நொடியில் கார்வின் பின்னாலிருந்து தாக்குவான். ஆணின் பார்வையை ஆணுக்கு எதிராகவே திருப்புகிறாள் என்று வாதாடலாம். ஆனால் அந்தக் கட்டத்தை வாசகனும்தான் வாய்பிளந்து பார்க்கிறான். அவனை யாரும் தாக்குவதில்லை. பதினோரு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் பார்த்தது அவள் நிற்கும் விதத்தை. இரண்டு காலையும் அகட்டி, யாருக்கும் வழிவிடாமல் நின்ற ஒரு பெண்ணை அதுவரை நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை.

5

இப்போது ஆண்டாளுக்குத் திரும்புகிறேன். அவள் கதையே உடுத்திப் பார்த்த கதைதான். பெருமாளுக்குக் கட்டிய மாலையைக் கோதை முதலில் தான் சூடிக்கொண்டாள். கிணற்றுத் தண்ணீரில் தன் அழகைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடிக் கிணற்றை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் காட்டுகிறார்கள். மாலையில் கூந்தல் முடியைக் கண்ட பெரியாழ்வார் பதறிப்போனார். அவள் சூடியதே வேண்டும் என்று பெருமாள் சொன்ன பிறகுதான் குற்றம் பெருமையானது. எஸ்தருக்கு நீண்ட செங்கோல் போலத்தான் இதுவும். சொல்லியிருக்காவிட்டால்? தமிழுக்கு ஒரு திட்டுவாங்கிய பெண் மிஞ்சியிருப்பாள்.

மாலையோடு அவள் நிற்கவில்லை. திருப்பாவையின் முப்பது பாட்டும் ஒரு வேஷம். வில்லிபுத்தூரை ஆய்ப்பாடியாக்கினாள். கோயிலை நந்தகோபன் மாளிகையாக்கினாள். தோழிகளை ஆயர் சிறுமிகளாக்கி, தானும் ஓர் இடைச்சியானாள். வைணவ உரைகாரர்கள் இதற்கு வைத்த பெயர் அநுகாரம்: பாவனை செய்து அதுவாகவே ஆவது. நடையும் பேச்சும் இடைச்சியாகி, மேனியில் முடைநாற்றம்கூட வீசியதாக உரை மரபு சொல்லும். பட்டர்பிரான் மகள் மாட்டுக்காரப் பெண்ணானாள். நாச்சியார் திருமொழியின் 143 பாட்டுகளில் இன்னும் தூரம் போய், மானிடனுக்கு மனைவியாகி வாழ மறுக்கும் பெண்ணாகிறாள். அந்த நூலில் கல்யாணக் கனவு சொல்லும் வாரணமாயிரத்தை மட்டும் நாம் கல்யாண வீட்டில் பாடிவிட்டு, மற்றதை ஆராய்ச்சி மாணவிகளிடம் விட்டுவிட்டோம்.

ஆண்டாள் தனக்குக் கொடுக்கப்படாத மாலையை எடுத்துச் சூடியவள். தான் பிறக்காத குலத்தின் உடம்பைப் பாட்டில் உடுத்தியவள். நாம் போடும் ஆண்டாள் வேஷமோ, கொடுத்த மாலையைச் சூடி, சொன்ன பாட்டைச் சொல்லி, கும்பிட்டு நிற்பது. அவள் செய்ததற்கு நேர் எதிரானது இது. அவள் உருவத்தை எடுத்துக்கொண்டு அவள் செயலை விட்டுவிட்டோம். பூரிம் அன்று எஸ்தர் வேஷத்தில் வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் பளபளக்கும் கிரீடத்தோடு முடிந்துபோகிறார்களோ, நான் அறியேன். உடை எங்கும் எளிதில் கிடைக்கிறது. அழைப்பில்லாமல் உள்ளே போகும் அந்த நடையைப் பிள்ளைகளுக்கு யார் கற்றுத்தருகிறார்கள்?

அப்படிப் பார்த்தால், ஆண்டாளுக்கு அருகில் வந்தது மேடையில் துணிக்கிளியோடு நின்ற நானில்லை. கேட்காமல் எடுத்த கால்சட்டையோடு மாடியில் குதித்தவள். "நோ ஆண்டாள்" என்ற பிள்ளையும் அவளுக்கு அருகில்தான் நிற்கிறாள். இதைச் சொல்வதால் வொண்டர் வுமன் நல்லவள், ஆண்டாள் வேண்டாம் என்று கொள்ள வேண்டாம். கடையில் விற்கும் வொண்டர் வுமன் உடையும் நாளை இன்னொரு துணிக்கிளி ஆகும். பிள்ளை தானாகக் கேட்டாளா, கேட்டதைப் போட்டுக்கொண்டு அசைய முடிந்ததா, எந்த வயதில் யார் வந்து ஊசிகளை உருவினார்கள் என்பவைதான் நாம் பார்க்க வேண்டியவை.

6

அந்த உடை கடைக்குப் போகாமலேயே தயாரானது. தளவாய்புரத்தில் முப்பது வருடமாக நைட்டி தைக்கும் அம்மாச்சி போனில் வெட்டு சொல்லிக்கொடுக்க, அங்கே மகள் சிவப்புச் சாட்டினை வெட்டினாள். பழைய பட்டுச்சேலையின் ஜரிகைக் கரை தங்க இடைவார் ஆனது. பாவாடையின் உயரத்தில்தான் தகராறு. இன்னும் ஒரு சாண் இறக்கு என்றாள் அம்மாச்சி. இறக்கினால் ஓட முடியாது என்றாள் பேத்தி. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அம்மாச்சியே வழி சொன்னாளாம்: "சரி, தூக்கியே வை. அங்க குளிருமே, உள்ள கறுப்புல நீளமா ஒன்னு போட்டுவிடு. இடுப்புக்கு எலாஸ்டிக் குடு, குதிச்சா அவுந்துறக் கூடாதுல்ல." குதிப்பதை வைத்து ஒரு பெண்ணுடைக்கு அளவு சொன்ன தையற்காரியை நான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன்.

போட்டோ எனக்கும் வந்தது. பிள்ளை இரண்டு காலையும் அகட்டி நிற்கிறாள். பக்கத்தில் அந்த யூதத் தோழி. அவள் சுறாமீன் வேஷத்தில் வந்திருக்கிறாள். முகத்தில் யாருக்கும் பவுடர் இல்லை.

போன மாதம் செட்டியார்பட்டி போயிருந்தபோது அந்த அக்காவைத் தையல் யூனிட்டில் பார்த்தேன். போனில் அதே போட்டோவை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். மிஷினில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "இது என்ன சாமிக்கா?" என்று கேட்டாள். "சாமியெல்லாம் இல்ல. எம் பேத்தி" என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடக் கண். டேப் இல்லாமலே அளவெடுக்கும்.

"உங்களுக்குன்னா மூணு மீட்டர் வேணும் டீச்சர்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரி, வெட்டுங்கக்கா என்று இன்னும் நான் சொல்லவில்லை.